ஆயுள் முழுக்க ஆயில்: யாருடைய ஆயுள்?

“இந்த வண்டிக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாத்தவே வேண்டியதில்லை சார். லைஃப்டைம் ஆயில்.”

ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்டுவிட்டு வந்து என்னிடம் ஒப்பிக்கும் வாக்கியம் இது. சமவெளியில் நாலுவழிச் சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது பாதிப் பொய். போடியிலிருந்து மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்குள் சேற்றுப் பாதையில் போய் வருகிறவருக்கு இது முழுப் பொய். இன்றைக்கு இந்தப் பொய்யைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கள் மலை பஸ்களில் ஆட்டோமேட்டிக் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு தம்பி மகன் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் தினமும் இரண்டு மணி நேரம் போய் உட்காருகிறேன். அங்கேதான் இந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு முன் மாதம் ஒன்று வந்தால் அதிகம். இப்போது வாரம் இரண்டு வருகிறது.

வராமல் என்ன செய்யும்? ஏலத்தோட்டக்காரர்களுக்கு வயதாகிவிட்டது. வீடு கீழே போடியில், தோட்டம் மேலே பூப்பாறையிலும் சாந்தம்பாறையிலும் நெடுங்கண்டத்திலும். முழங்கால் தேய்ந்தவர் முந்தலிலிருந்து மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவிலும் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்க முடியாது. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். “அப்பா, கிளட்ச் இல்லாத வண்டி வாங்கிக்கங்க” என்று பணம் அனுப்புகிறான். 2020 அக்டோபரில் புதுத் தார் வந்து, அதில் ஆட்டோமேட்டிக்கும் கிடைத்த பிறகு, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியிலும் கிளட்ச் மிதி தேவையில்லை என்று ஆகிவிட்டது. நல்ல விஷயம்தான். நான் அதற்கு எதிரி இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நம் ஊர் டிரைவர்களில் பாதிப்பேர், “ஆட்டோமேட்டிக்கே மலைக்கு ஆகாதுண்ணே” என்பார்கள். அதுவும் தப்பு. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி சட்டென்று பின்னால் உருளாது. கிளட்ச் பிளேட் கருகாது. இழுவை ஒரே சீராக வரும். மலைக்கு அது நல்ல கியர்பாக்ஸ்தான். அந்தச் சுகத்துக்கு அது ஒரு விலை கேட்கிறது. அந்த விலைக்குப் பெயர் சூடு. வாங்குகிறவரிடம் அந்த விலையை யாரும் சொல்வதில்லை. என் சண்டை அதோடுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது?

இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஸ்விட்ச் போடுங்கள். அது அடிக்கிற காற்றில் மற்றதும் சுற்றத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பிணைப்பும் இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டியின் டார்க் கன்வெர்ட்டர் இதுதான். காற்றுக்குப் பதில் அதில் ஆயில். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது, அது ஆயிலை வீசுகிறது, அந்த ஆயில் எதிரே இருக்கும் இன்னொரு சக்கரத்தைத் தள்ளுகிறது. ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மன் எஞ்சினியர் 1905-ல் கப்பலுக்காகக் கண்டுபிடித்தது. நூறு வருடம் கழித்து நம் தோட்டத்துச் சேற்றில் நிற்கிறது.

இரண்டாவது ஃபேன் எப்போதுமே முதல் ஃபேனைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றும். அந்த வித்தியாசத்தை நழுவல் என்று வைத்துக்கொள்வோம். நழுவலில் போகிற சக்தி எங்கும் மாயமாகிவிடாது, முழுக்கச் சூடாக மாறி ஆயிலில் சேரும். நெடுஞ்சாலையில் சீரான வேகம் வந்ததும் உள்ளே ஒரு கிளட்ச் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அப்போது நழுவல் இல்லை, சூடும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பூட்டு பிடிக்காது. தோட்டத்துப் பாதையில் பிடிக்கவே பிடிக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேற்றில் சிக்கிய வண்டி அசையவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் 40 குதிரைசக்தி கொடுக்கிறது. சக்கரம் சுற்றவில்லை என்றால் அந்த 40-ம் ஆயிலில் சூடாகத்தான் போக வேண்டும். அது 30 கிலோவாட். வீட்டில் பக்கெட்டில் போடும் 1500 வாட் ஹீட்டர் 20-ஐ ஒன்றாகக் கட்டி 8 லிட்டர் ஆயிலுக்குள் இறக்கியதற்குச் சமம். சுற்றியுள்ள அலுமினியத்தையும் கூலரையும் கணக்கில் சேர்க்காவிட்டால், ஆயில் வினாடிக்கு 2 டிகிரி ஏறும். அரை நிமிடத்தில் 60 டிகிரி. உலோகம் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பதால் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் கன்வெர்ட்டருக்குள்ளே இருக்கிற ஆயில் மொத்தம் 8 லிட்டரில் ஒரு பகுதிதான். சூடு முதலில் அதன் தலையில் விழுகிறது.

சேறு வேண்டாம், தார் ரோட்டையே பாருங்கள். போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். மெட்டு அதைவிட ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம். இரண்டு டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க, நம் மின்சார மீட்டர் கணக்கில் சுமார் ஐந்தரை யூனிட் சக்தி வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு நழுவலில் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சூடு வெளியேறாமல் இருந்தால் ஆயிலை 100 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். அதனால்தான் ஆயிலை ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்கோ தனிக் கூலருக்கோ அனுப்பி ஆறவைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கூலருக்குக் காற்று வேண்டும். முன்னால் லாரி ஊர்ந்து போக, பின்னால் நாமும் ஊர்ந்தால் காற்றுக்கு எங்கே போவது? கொழுக்குமலை போன்ற 2400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மேலே குளிர்கிறதே என்று நாம் ஸ்வெட்டர் போடுகிறோம். கியர்பாக்ஸுக்கு அந்தக் குளிர் நாம் நினைக்கிற அளவுக்கு உதவாது.

ஆயில் சூடானால் என்ன ஆகும்?

80-லிருந்து 95 டிகிரி வரை அதற்கு இயல்பான சூடு. 120-ஐத் தாண்டினால் ஆயில் மெல்லக் கெடத் தொடங்கி, வால்வுகளில் வார்னிஷ் மாதிரிப் படியும். அதற்கும் மேலே போனால் ரப்பர் சீல்கள் இறுகிக் கட்டியாகும். 150-ஐ நெருங்கினால் உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் பிடிப்பை இழந்து வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. அதற்குப் பிறகு முதல் கியர் விழாது, ரிவர்ஸ் விழாது. சூடு 10 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் வழங்கும் கணக்கு. இன்றைய செயற்கை ஆயில்கள் இதைவிடத் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திசை மாறாது. சூடு கூடக் கூட ஆயுள் குறையும்.

புது ஆயில் பெரும்பாலும் சிவப்பாக, ரோஜாப்பூ சர்பத் மாதிரி இருக்கும். கெட்டுப்போனது கருப்பட்டிக் காப்பி நிறத்தில், தீய்ந்த வாசனையோடு வரும். ரேடியேட்டருக்குள் குழாய் விட்டு, தண்ணீர் ஆயிலோடு கலந்தால் அசல் ரோஸ் மில்க்தான். ஒர்க்‌ஷாப்பில் ரோஸ் மில்க் பார்த்தால் வண்டிக்காரருக்குக் காரியச் செலவு என்று அர்த்தம்.

இந்த ஆயில் சாதாரணப் பொருள் இல்லை என்பதற்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில்தான் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் முதன்முதலாகப் பெரிய எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்தது. அதற்கென்று தனி ஆயில் தரம் ஒன்றை ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல் வகுத்தது. அந்தக் கால ஆயிலில் திமிங்கிலத்திலிருந்து எடுத்த எண்ணெய் கலந்திருந்தது. கிளட்ச் பிளேட் குதிக்காமல் சீராகப் பிடிக்க அது அவ்வளவு ஒத்துவந்தது. 1970-களின் தொடக்கத்தில் திமிங்கில எண்ணெய்க்கு அங்கே தடை வந்ததும், மாற்றுச் சரக்கு தேடி ஆயில் கம்பெனிகள் திண்டாடின. ஒரே ஒரு கலவைப் பொருள் போனதற்கே அந்தப் பாடு. ஆயில் என்பது கியர்பாக்ஸின் ஓர் உறுப்பு. பிளேட் தேய்ந்தால் மாற்றுகிறோம், டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம், இந்த உறுப்பு மட்டும் சாகாவரம் வாங்கி வந்ததா?

இப்போது அந்த ‘ஆயுள்’ என்ற சொல்லுக்கு வருவோம். யாருடைய ஆயுள்? வாங்கும்போது கேட்டால் வண்டியின் ஆயுள் என்பார்கள். கெட்டுப்போனபின் கேட்டால் வாரண்டியின் ஆயுள் என்று தெரியும். ஆயிலின் ஆயுளைச் சொல்கிறார்கள் என்றால் அது உண்மைதான். ஆயில் சாகும்வரை ஆயிலுக்கு ஆயுள் உண்டு!

கியர்பாக்ஸ் செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனி உலகத்தின் பெரிய பெரிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிறது. ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றுங்கள் என்பது அவர்களே சொல்லும் யோசனை. ஐரோப்பாவின் வழவழப்பான ரோட்டில் ஓடும் வண்டிக்கே இந்தக் கணக்கு. செய்தவன் மாற்று என்கிறான், விற்கிறவன் வேண்டாம் என்கிறான். நான் செய்தவன் பக்கம்.

நம் வண்டிகளின் கையேட்டையே புரட்டுங்கள். பலவற்றில் பராமரிப்பு அட்டவணை இரண்டு இருக்கும். ஒன்று சாதாரண உபயோகத்துக்கு. இன்னொன்று கடும் உபயோகத்துக்கு: மலைப்பாதை, புழுதி, பாரம், இழுவை, அடிக்கடி நின்று நின்று போவது. இதில் எது போடி ஏலத்தோட்டக்காரருக்குப் பொருந்தாது? அத்தனையும் பொருந்தும். ஆனால் சர்வீஸுக்குப் போனால் முதல் அட்டவணையைத்தான் விரிக்கிறார்கள். இரண்டாவது அட்டவணை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். வயது 70-ஐத் தாண்டியது. தோட்டம் சாந்தம்பாறைக்கு அப்பால். வண்டி நாலு வருடத்தில் 80,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒவ்வொரு சர்வீஸிலும் கியர் ஆயிலைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் “லைஃப்டைம் சார்” என்றிருக்கிறார்கள். போன மழையில், காய் எடுப்பு நாளில், மூட்டைகளோடும் சம்சாரத்தோடும் திரும்பும்போது ஏற்றத்தில் சக்கரம் சேற்றில் இறங்கியது. கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு எந்தக் கியரைப் போட்டாலும் எஞ்சின் மட்டும் உறுமியது, வண்டி நகரவில்லை. பொழுது இருட்டிவிட்டது. அந்தப் பக்கம் யானைக்காடு என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் அரிக்கொம்பனைப் பிடித்த சின்னக்கானல் அங்கிருந்து தூரம் இல்லை. கூலி ஆட்களை இறக்கிவிட்டு வந்த பழைய ஜீப் ஒன்றுதான் கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றியது. அதுவரை அந்த இரண்டு வயதானவர்களும் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சர்வீஸ் சென்டரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “ஆயில் கருகிப்போச்சு. நீங்க ஓட்டின விதம் சரியில்லை. வாரண்டி முடிஞ்சது. கியர்பாக்ஸ் மாத்தணும்.” செலவு மூன்று லட்சத்துக்குக் கிட்ட. நாலு வருடம் ஆயுள் முழுக்கத் தாங்கும் ஆயில், ஐந்தாம் வருடம் ஓட்டுகிறவரின் குற்றமாகிவிட்டது. எந்தக் கம்பெனி, எந்தச் சென்டர் என்று கேட்காதீர்கள். பெயர் முக்கியம் இல்லை, பேச்சுதான் முக்கியம்.

“இப்போ எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும், சூடு ஏறினா விளக்கு எரியும்” என்று ஒரு பதில் சொல்வார்கள். எரியும்தான். எப்போது? ஆயில் ஆபத்தான சூட்டைத் தொட்ட பிறகு. கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்த பிறகு வந்து சொல்கிற ஆள் எதற்கு? பழைய ஜீப்பில் எஞ்சின் சூட்டுக்கு முள் இருந்தது. டிரைவர் வளைவுக்கு வளைவு அதைப் பார்ப்பார். முள் ஏறினால் ஓரங்கட்டி, கேன் தண்ணீரை ஊற்றி, ஒரு பீடி பிடித்துவிட்டுக் கிளம்புவார். இன்றைக்கு டேஷ்போர்டில் பாட்டுக்கு ஒரு திரை, வழி காட்ட ஒரு வரைபடம், வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்ட ஒரு படம். கியர்பாக்ஸ் ஆயில் எத்தனை டிகிரி என்று ஓர் எண் போட இடம் இல்லையாம். அந்தச் சூட்டை அளக்கும் சென்சார் உள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். காசு கொடுத்தவருக்குத் தெரியக் கூடாதா?

டிப்ஸ்டிக்கையும் பல வண்டிகளில் எடுத்துவிட்டார்கள். ஆயில் அளவைப் பார்க்க வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடியில் உள்ள போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதாவது நீங்கள் பார்க்கக் கூடாது. பார்க்காவிட்டால் கேட்க மாட்டீர்கள்.

சரி, திட்டியது போதும். நாம் என்ன செய்யலாம்?

முதலில், கையேட்டில் கடும் உபயோக அட்டவணையைத் தேடி, அதில் சொன்ன கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொல்லுங்கள். அட்டவணை இல்லாவிட்டால், தோட்டத்துக்கு ஓடும் வண்டிக்கு 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என் யோசனை. கையேட்டில் எழுதியிருக்கும் அதே ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை.

சேற்றிலும் செங்குத்து ஏற்றத்திலும் ‘ஃபோர் லோ’ போடுங்கள். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்காரர்களைப் பாருங்கள், பாதை மோசமானதும் லோ கியர் லிவரில்தான் கை இருக்கும். லோவில் சக்கரத்துக்குப் போகும் இழுவை கூடுவதால் கன்வெர்ட்டர் குறைவாக நழுவும், ஆயில் குறைவாகச் சூடாகும். சிக்கிக்கொண்டால் சில வினாடிக்கு மேல் ஆக்சிலேட்டரைப் பிடிக்காதீர்கள். இறங்கிக் கல்லோ பலகையோ போடுங்கள். ஐந்து நிமிட மண்வெட்டி வேலை மூன்று லட்சத்தை மிச்சப்படுத்தும்.

சூடாகிவிட்டது என்று தோன்றினால் எஞ்சினை அணைக்க வேண்டாம். எஞ்சின் நின்றால் ஆயில் பம்ப்பும் நிற்கும், கூலருக்கு ஆயில் போகாது. ‘பி’-யிலோ ‘என்’-னிலோ போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். முந்தலில் வரிசை நின்றாலும் அப்படித்தான். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், பிரேக் எதற்கு இருக்கிறது? ஏ.எம்.டி. என்று சின்ன கார்களில் வருகிற ஆட்டோமேட்டிக்கிலும் இதே பழக்கம் கிளட்ச் பிளேட்டைத் தின்றுவிடும். அதில் கன்வெர்ட்டரே இல்லை, சாதா கிளட்ச்தான்.

ஏறும்போது ‘டி’-யிலேயே விடாமல் இரண்டிலோ மூன்றிலோ கையால் நிறுத்துங்கள். கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்காது. இறங்கும்போதும் எங்கள் பழைய டிரைவர்கள் சொன்னதுதான்: ஏறின கியரிலேயே இறங்கு.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது. பல வண்டிகளில் அது கியர் ஆயில் சூட்டை உங்கள் செல்போனிலேயே காட்டும். பேரனிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுப்பான். 110-ஐத் தாண்டினால் ஓரங்கட்டுங்கள். பாரத்தோடு அடிக்கடி மேலே போகிறவர் தனி ஆயில் கூலர் போட முடியுமா என்று கேளுங்கள், வாரண்டி பாதிக்காத வகையில்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை சர்வீஸுக்குப் போகும்போது “லைஃப்டைம் சார்” என்று சொன்னால் கோபப்படாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை நீட்டுங்கள். “தம்பி, இந்த வண்டி வாரம் மூணு தடவை மெட்டு ஏறுது. தோட்டத்துக்குள்ள பாரத்தோட ஓடுது. இத்தனை கிலோமீட்டர் வரைக்கும் ஆயில் மாத்தாம இருந்தா கியர்பாக்ஸுக்கு நாங்க பொறுப்புன்னு எழுதி, சீல் வச்சுக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் அன்றைக்கே ஆயிலை மாற்றச் சொல்லிவிட்டு வாருங்கள்.